கஷாயத்தில் ஒரு துணி முடிச்சு

சியாகுவான்
நவம்பர் 9, 2010

ஷிலின்,

இந்தக் கடிதத்தையும் மருந்துப் பொட்டலங்களையும் மினி பஸ் ஓட்டுநர் மா கொண்டுவந்து கொடுப்பார். பதில் எழுதினால் அவரிடமே கொடுத்துவிடு. உன் செல்போன் என்னிடம்தான் இருக்கும், கேட்காதே. நேற்று முழுக்க அது அடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் உன் அருமை சிநேகிதர்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கத்தானே உன்னை அந்த மலைத் தோப்புக் குடிசையில் கொண்டுபோய் விட்டேன். ஒருத்தனிடம் நானே பேசினேன். "ஷிலின் செத்துட்டான், சாவுச் சாப்பாட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். அப்புறம் அவன் கூப்பிடவில்லை.

மருந்துச் சீட்டு எங்கள் கடை வைத்தியர் ஷென் எழுதியது. நான் இழுப்பறையைத் திறந்து எடைபோட்டுக் கட்டுகிறவள்தான், எனக்கு வைத்தியம் தெரியாது. அதில் இருப்பது புளிப்பு இலந்தை விதை, அதிமதுரம், கோதுமை, அல்லிக் கிழங்கு, கொஞ்சம் சிப்பி ஓடு. "இது ஹெராயின் பொடி ஆசையை நிறுத்தறதுக்கு இல்லம்மா, பொடியை நிறுத்தினப்புறம் வர்ற பயத்துக்கு" என்றார். இரும்புச் சட்டியில் காய்ச்சாதே. மண் சட்டி இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள். இரண்டு தடவை காய்ச்சி, இரண்டையும் ஒன்றாக ஊற்றி, பாதியைக் காலையிலும் பாதியைப் படுக்கும்போதும் குடி. சக்கையை வீட்டுப் பக்கம் கொட்டாதே. அம்மா செய்த மாதிரி பாதையில் கொட்டு. நாலு பேர் மிதித்துப் போனால்தான் நோயும் அவர்களோடு நடந்து போகும்.

ஜனவரி 24ஆம் தேதியை மறந்துவிடாதே. அன்றைக்குக் காவல் நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. சுத்தம் என்று வந்தால் வசந்த விழாப் புத்தாண்டை நம் வீட்டில் கொண்டாடலாம், ருயியும் நம்மோடு இருப்பாள். இல்லையென்றால் உனக்கு இரண்டு வருஷம் கட்டாய மறுவாழ்வு மையம். ருயியின் அம்மா செங்துவிலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு வயதில் போட்டுவிட்டுப் போன மகராசிக்கு எட்டு வயதில் பாசம் பொங்குகிறது. குடியிருப்பு அலுவலகத்தில் அவள் எழுதியே கொடுத்துவிட்டாள்.

அதனால் குடி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் குடி.

அக்கா
யின்ஹுவா


யாங்பி மலை, வால்நட் தோப்பு
நவம்பர் 17

அக்கா,

மருந்து வந்தது. காய்ச்சினேன், குடித்தேன். கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. எனக்கு இப்போது எதுவுமே அப்படித்தான் இருக்கிறது.

உடம்பு வலி போய்விட்டது. மூக்கு ஒழுகுவதும் நின்றுவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. எதைக் கண்டு என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. கதவு திறந்திருந்தால் பயம், மூடியிருந்தாலும் பயம். நெஞ்சு எந்நேரமும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதைத் தவிர உள்ளே வேறு ஒன்றும் இல்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

பகலில் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன். குளிர்காலத்தில் பூச்சி ஏறாமல் இருக்க அடிமரத்துக்கு வெள்ளை பூச வேண்டும். தோப்பில் மரங்கள் ஏராளம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். யோசிக்க வேண்டியதில்லை.

மண் சட்டி கிடைத்தது. கீழே ஆடு மேய்க்கும் ஆஜி கொடுத்தாள். யீ இனத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "திருப்பிக் கொண்டாந்துடாதே, மருந்துச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தா நோயையும் சேத்துக் கொடுத்த மாதிரி. எனக்கு வேணும்னா நானே வந்து எடுத்துக்குவேன்" என்றாள். இங்கேயும் நம் ஊர் வழக்கம்தான்.

சக்கையைப் பாதையில் கொட்டினேன். இந்தப் பாதையில் ஆஜியும் அவள் ஆடுகளும் தவிர யாரும் வருவதில்லை. ஆடுகள் மிதிக்கவில்லை, தின்றுவிட்டன. நம் அம்மா கணக்குப்படி என் பயம் அவற்றுக்குப் போயிருக்க வேண்டும். நன்றாகத் தூங்குகின்றன.

ருயி எப்படி இருக்கிறாள்?

ஷிலின்


சியாகுவான்
நவம்பர் 26

ஷிலின்,

ஆட்டைப் பற்றி எழுதுகிற அளவுக்குத் தேறிவிட்டாய். சந்தோஷம். ஆட்டுக்குப் போட நான் இலந்தை விதை இடித்து அனுப்பவில்லை. கொஞ்சம் தள்ளி, கல் பாவிய இடத்தில் கொட்டு.

ருயி நன்றாக இருக்கிறாள். அப்பா குன்மிங்கில் கட்டிட வேலைக்குப் போயிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கட்டிவிட்டாள். "எத்தனை மாடிக் கட்டிடம்?" என்று ஒரு பையன் கேட்டானாம். "உனக்கு எண்ணத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள். வாய் உன்னைப்போல இல்லை, என்னைப்போல.

வைத்தியர் ஷென்னிடம் உன் படபடப்பைச் சொன்னேன். "பத்து வருஷம் பொடியை உறிஞ்சினவனுக்குப் பத்து நாள்ல மனசு அடங்கிடுமா? விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடு, பொறுமையா இருக்கச் சொல்லு" என்றார். கூட்டிப் போட்டிருக்கிறேன். பொறுமைக்கு எங்கள் கடையில் இழுப்பறை இல்லை, அதை நீதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்.

அக்கா


யாங்பி மலை
டிசம்பர் 12

அக்கா,

நேற்று விடியும்போது சாலைக்கு இறங்கிப் போனேன். மாவின் வண்டி வந்தது. கையைக் காட்டினேன். வேகத்தைக் குறைத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, போய்விட்டார். நீதான் சொல்லி வைத்திருப்பாய். ஓடுகிற வண்டியிலிருந்தே "மரத்துக்கு வெள்ளை அடிச்சியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பொடிக்காக வரவில்லை. நீ நம்ப மாட்டாய். யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

மருந்து குடிக்கிறேன், ஒருவேளைகூடத் தவறவில்லை. அது எனக்குப் பலிக்கவில்லை. அடுப்பில் விறகு வெடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். நின்ற பிறகு உட்காருவதற்குக் காரணம் தெரியவில்லை, அப்படியே நிற்கிறேன். ருயியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் படம் போல இருந்தது.

வால்நட் மூட்டை கட்டும் கயிற்றை ஆஜியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என் குடிசையில் இருக்க வேண்டாம் என்று பட்டது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஷிலின்


சியாகுவான்
டிசம்பர் 15

தம்பி,

சீட்டில் சின்ன மாற்றம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துணி முடிச்சு இருக்கும். அதை அவிழ்க்காமல் அப்படியே சட்டியில் போடு. உள்ளே பொடிசாக முள் உள்ள சரக்கு, பிரித்தால் தொண்டையில் மாட்டும், அதனால் கட்டியிருக்கிறேன். காய்ச்சி முடித்ததும் முடிச்சை மட்டும் தனியே எடுத்து அடுப்பில் போட்டு எரித்துவிடு. மற்ற சக்கையைப் பாதையில் கொட்டினால் போதும்.

கிளறிப் பார்க்காதே. ஷென் சொன்னதுதான்.

கயிற்றை ஆஜியிடமே இருக்கச் சொல். மாவிடம் ஒரு ஹாம் பன்றிக்கறித் துண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பாதியை அவளுக்குக் கொடு. அவள் ஆடு மேய்க்கப் போகும்போது நீயும் கூடப் போ. தனியாக இருக்காதே. நல்லபடியாகச் சொல்கிறேன், தனியாக இருக்காதே.

வேறு எழுதத் தோன்றவில்லை.

அக்கா


யாங்பி மலை
டிசம்பர் 22

அக்கா,

தூங்கினேன். படுத்ததும் தூங்கிவிட்டேன், வெயில் வந்த பிறகுதான் விழித்தேன். கை கால் எல்லாம் கதகதப்பாக இருந்தது. சோற்றை இடித்துத் தட்டிய அரிசிக் கட்டியை நெருப்பில் சுட்டுத் தின்றேன், ருசி தெரிந்தது. ஹாமில் உப்பு அதிகம் என்று ஆஜியிடம் குறைகூடச் சொன்னேன். "பொணத்துக்கு உசுரு வந்துட்டுது, அதான் கொழுப்பு" என்றாள்.

மலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறது. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வைத்தியர் ஷென்னுக்கு என் வணக்கத்தைச் சொல். அந்த முடிச்சு நல்ல மருந்து. ஒரு சட்டிக்கு இரண்டு முடிச்சாகப் போடலாமா என்று கேட்டுச் சொல். தப்பில்லை என்றால் இரண்டாக அனுப்பு.

ஷிலின்


சியாகுவான்
ஜனவரி 5, 2011

ஷிலின்,

இரண்டு கிடையாது. ஒன்றுதான். அதுவும் இந்த வாரத்தோடு சரி. இனி வரும் பொட்டலங்களில் முடிச்சு இருக்காது. தொடர்ந்து குடிக்கிற சரக்கு அல்ல அது. கையில் மிச்சம் இருந்தால் மாவிடம் திருப்பிக் கொடுத்து அனுப்பு. ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதே.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். இருபத்து நாலாம் தேதி ஞாபகம் இருக்கிறதல்லவா, அதற்கு முன்னால் உடம்பு காலியாக இருக்க வேண்டும். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் கேட்காதே.

கடையில் வேலை ஓடவில்லை. வைத்தியர் ஷென் இரண்டு தடவை "என்னம்மா, எடை தப்புது?" என்று கேட்டுவிட்டார். குளிரில் கை விறைக்குது என்றேன். அவர் நல்ல மனுஷர், அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

ருயி உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். பண்டிகைக்கு நீ வரும்போது பட்டாசு வேண்டாமாம், அந்தக் காசுக்கு உனக்கே சட்டை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பரிசோதனைக்குப் போகிற ஆள் மாதிரி நான்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


யாங்பி மலை
ஜனவரி 22

அக்கா,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஓட்டுநர் மாவிடம் நாளை அதிகாலையே உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முடிச்சு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மாவிடம் சொல்லி அனுப்பினேன் அல்லவா. பொய். உன் கடிதம் வந்த அன்றே மீதியிருந்ததை எடுத்து அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். உன் புதுப் பொட்டலங்களைத் தனியாகக் குடித்துப் பார்த்தேன். நான்கு நாள் தாங்கினேன். பிறகு மூட்டையை நகர்த்தினேன். நேற்றும் குடித்தேன், இரண்டு முடிச்சு போட்டு.

இன்று காலை அடுப்பு அணைந்திருந்தது. முடிச்சை எரிக்க நெருப்பு இல்லை. சோம்பலில் சட்டியோடு எடுத்துப் போய்ப் பாதையில் கவிழ்த்துவிட்டேன். சற்று நேரத்தில் ஆஜி கத்தினாள்.

"டேய் சுண்ணாம்பு, வெளியே வாடா!"

போனேன். ஆடு ஒன்று துணியைக் கிழித்து மென்றுகொண்டிருந்தது. ஆஜி பாதையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னது இது?"

"சக்கைதான். மிதிச்சிட்டுப் போக்கா, எனக்கு நல்லது."

"மிதிக்கிறதா? கண்ணைத் தொறந்து பாரு. ஆட்டுக்குக் கழிச்சல் வந்தா என் மாமியா இதைத்தான் வேக வச்சு ஊத்துவா. சந்தையில மாட்டுச் சூப்புக்காரன் ஆள் திரும்பி வரணும்னு இதைத்தான் சட்டிக்குள்ள போடுறான். அபினிக் காய் ஓடு. எனக்கா தெரியாது?"

நான் ஆட்டின் வாயிலிருந்து துணியைப் பிடுங்கினேன்.

"உனக்கும் தெரியும். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அக்காக்காரி அனுப்பினதா?"

கிழிசலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"நல்ல அக்காதான். நானும் நல்ல பொண்டாட்டியாத்தான் இருந்தேன். துடிக்கிறானே துடிக்கிறானேன்னு நானே போயி வாங்கியாந்து கையில கொடுத்தேன். அந்தா, அந்த மேட்டுல படுத்திருக்கான். இப்ப துடிக்கிறதில்ல."

சுற்றிக்கொண்டு முள்ளுக்குள் இறங்கிப் போனாள். சக்கையை மிதிக்கவில்லை, ஆடுகளையும் மிதிக்க விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, குடிசைக்குள் புகுந்து, மண் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல. என் சட்டி, எனக்கு வேணும்" என்றாள்.

அக்கா, முதல் நாள் குடித்தபோதே எனக்குத் தெரியும். பத்து வருஷம் அதோடு வாழ்ந்த உடம்பு, துணியில் கட்டினால் அடையாளம் தெரியாதா? தெரிந்துதான் வானம் நீலம் என்று எழுதினேன். தெரிந்துதான் இரண்டு கேட்டேன். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஷென் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

உன் மேல் கோபம் வரும் என்று இன்று முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. கயிற்றைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டு நீ வேறு என்ன செய்திருக்க முடியும்?

நாளை மறுநாள் பரிசோதனை. அது காட்டிக் கொடுத்துவிடும். போகாமல் இருந்தாலும் தோற்றதாகத்தான் எழுதுவார்கள். போகிறேன். கஷாயம் என்று சொன்னால், யார் கட்டியது என்று கேட்பார்கள். அந்தக் காயைப் பூட்டி வைக்கும் இழுப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். உன்னைப் பிடிப்பார்கள், ஒன்றும் அறியாத ஷென்னையும் பிடிப்பார்கள். அதனால் யாங்பி பஸ் நிலையத்தில் பெயர் தெரியாத ஒருத்தனிடம் பொடி வாங்கினேன் என்று சொல்லப் போகிறேன். அவர்கள் நம்புவார்கள். என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

நீ வாயைத் திறக்காதே. ருயி செங்துவுக்குப் போனாலும் லீவுக்கு வருவதற்கு ஒரு வீடு வேண்டும். நீயும் உள்ளே போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் கதவே இல்லை.

மிச்சம் இருந்த முடிச்சுகளை இப்போதுதான் நெருப்பில் போட்டேன். கடைசி ஒன்றைப் போடத்தான் நேரமாயிற்று.

ஷிலின்


சியாகுவான்
மார்ச் 6

தம்பி ஷிலின்,

கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள் என்று மையத்து வாசலில் சொன்னார்கள். படிக்கட்டும். நான் நலம். நீ நலமா?

மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டேன். நின்று நின்று கால் வலி என்று ஷென்னிடம் சொன்னேன். இப்போது ஒரு நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவுகிறேன். அங்கேயும் நின்றுகொண்டுதான். ஷென் ஒன்றும் கேட்கவில்லை, கணக்கு முடிக்கும்போது ஒரு பொட்டலம் இலந்தை விதையைக் கையில் திணித்தார். "தூங்கும்மா" என்றார். அது அப்படியே அலமாரியில் இருக்கிறது.

போன வாரம் காவல் நிலையத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். ருயியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போனேன். வாசல் வரை போனேன். உள்ளே மேஜையில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும் அக்கா?" என்று கேட்டான். ருயி என் கையை இழுத்து, "அத்தை, பசிக்குது" என்றாள். "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்து இருவரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவள் சூப்பைக்கூட விடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை. மறுபடி போகலாமா என்று யோசிக்கிறேன்.

ருயியின் அம்மா வருகிற மாதம் முதல் ஞாயிறு வருகிறாள். காகிதங்கள் எல்லாம் கையெழுத்தாகிவிட்டன. பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். அழவில்லை. செங்துவில் நம் ஊர் அரிசிக் கட்டி கிடைக்குமா என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, "அத்தை, அப்பா மருந்து குடிச்சாரா, குடிக்கலையா? குடிச்சா சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

உன் அக்கா
யின்ஹுவா


மார்ச் 15

அக்கா,

கடிதம் கிடைத்தது. இதை இன்று விடுதலையாகிப் போகிற ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான், இங்கே யாரும் பிரித்துப் படிக்கவில்லை. இங்கே நலம். காலையில் வரிசையில் நிற்கிறோம், பிறகு பிளாஸ்டிக் பூவுக்குக் காம்பு கட்டுகிறோம். படபடப்பு இருக்கிறவர்களுக்குக் கஷாயம் கொடுக்கிறார்கள். பெரிய அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுவார்கள். குடிக்கிறேன். பயம் போகவில்லை, ஆனால் என்னோடு இன்னும் நாற்பது பேர் அதே பயத்தோடு படுத்திருக்கிறார்கள். ஒருவன் எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனும் எழுந்து உட்காருகிறான். மலையில் இருந்ததற்கு இது பரவாயில்லை.

ருயி போகிறாள் என்பதை இரண்டு தடவை படித்தேன். அழுகை வரும் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். வரவில்லை. பிறகு சாப்பாட்டு மணி அடித்தது.

காவல் நிலையத்தில் உனக்கு இருக்கும் வேலைக்கு இனிமேல் போகாதே. அது என் வேலை, நான் முடித்துவிட்டேன். பசிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அதுதான் சரி.

ருயிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இதை மாற்றாமல் சொல். அத்தை நல்ல மருந்துதான் அனுப்பினாள். அப்பாதான் அதை ஒழுங்காகக் குடிக்கவில்லை. அப்பாதான் பஸ் நிலையத்தில் பொடி வாங்கினான். இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்துச் சொல், துணி மடித்துக்கொண்டு சொல்லாதே. அப்பனை நம்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவை அவளுக்குத் தெரியவே தெரியாது. இனி அந்தப் பிள்ளை நம்புவதற்கு நீ ஒருத்திதான் மிச்சம், அதையும் உண்மையைச் சொல்லி எடுத்துவிடாதே.

ஷிலின்